காலி டப்பா ஆராய்ச்சி

ஜனவரி 22, திங்கள்

காலேஜ் போய்விட்டு வந்தேன்! நானேதான். செண்பகவல்லி, வயது நாற்பத்தாறு, சொந்த ஊர் கோவில்பட்டி, இருப்பு நியூ ஜெர்சி. எங்கள் ஊர் சமுதாயக் கல்லூரியில் சமூகவியல் முதல் தாள். வாரம் இரண்டு நாள், காலை பத்து மணிக்கு.

கால் மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். கதவைத் திறந்ததும் கலகலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண், "புத்தகம் இன்னும் வாங்கலை, அடுத்த வாரம் கொண்டுவரலாமா?" என்று என்னிடம் கேட்டாள். "தாராளமா" என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தேன். வகுப்பே சிரித்தது. அவள் பெயர் கெய்லா, வயது பத்தொன்பது. என் மகள் தாரணியைவிட ஆறு வயது சின்னவள். வகுப்பு முடிவதற்குள் நாங்கள் ஒரே பாக்கெட்டிலிருந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தோம்.

இவரிடம் "பொழுது போகலை, சும்மா ஒரு கிளாஸ்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். சும்மா இல்லை. என் கல்யாணப் பத்திரிகையில் 'செண்பகவல்லி, பி.எஸ்ஸி.' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்த பி.எஸ்ஸி. பச்சைப் பொய். கெமிஸ்ட்ரியில் இரண்டு பேப்பர் அரியர். "அக்டோபர்ல எழுதி முடிச்சிருவா, இப்ப போட்டாத் தப்பில்ல" என்று அப்பா அச்சகத்தில் சொல்லிவிட்டார். அக்டோபரில் தாரணி வயிற்றில் இருந்தாள், நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அமெரிக்கா. இவரும் இவர் அம்மாவும் இருபத்தாறு வருஷமாக அந்தப் பத்திரிகையை நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் பாடத்தில் 'சி'யாவது வாங்கினால்தான் மேலே படித்துப் பட்டம் வாங்க முடியும். ஃபெயில் என்ற சொல்லை இன்னொரு தடவை காதில் கேட்க எனக்குத் தெம்பில்லை. இது இந்த நோட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜனவரி 24, புதன்

பென்சில் பாக்ஸ் வாங்கினேன். மஞ்சள் நிறம். மூடி திறந்து மூடும்போது டிக் என்கிறது. எட்டு தடவை மூடினேன்.

பிப்ரவரி 7, புதன்

பேராசிரியை பெனிட்டெஸ் குட்டையான அம்மாள். வளையல் அளவுக்குக் கம்மல் போடுகிறார், பேசும்போது அதுவும் சேர்ந்து பாடம் நடத்துகிறது. இன்று சொன்னார்: சமூகம் நடப்பது சட்டப் புத்தகத்தால் அல்ல, எழுதாத விதிகளால். யாரும் சொல்லித் தருவதில்லை, ஆனால் மீறினால் எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அட, எனக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடமாயிற்றே! கோவில்பட்டியில் இருபது வருஷம் வாழ்ந்தவளுக்கு இதற்கு ஏன் தனியாகப் புத்தகம்? திரும்பி வரும் வழியில் மளிகைக் கடையில் முக்கால் மணி நேரம் நின்று சமூகத்தைக் கவனித்தேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறவர்கள் பதினான்கு பேர். ஒடித்ததையே வாங்கியவர்கள் இரண்டு பேர். கடைக்காரர் என்னைக் கவனிக்க ஆரம்பித்ததும் வந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

இடைத்தேர்வு மார்க் வந்தது. ஐம்பத்து நான்கு.

காரில் உட்கார்ந்து அழுதேன். நூற்றுக்கு ஐம்பத்து நான்கு! நம்மூரில் என்றால் பாஸ். இங்கே அது ஃபெயிலுக்கு நாகரிகமான பெயர். இனி வரும் பெரிய அசைன்மென்டில் அள்ளினால்தான் உண்டு.

வீட்டுக்கு வந்தால் இரண்டரை மணிக்கே இவர் சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். ஆபீஸில் மீட்டிங் ரத்தாம். டிவி ஓடவில்லை, போனும் கையில் இல்லை. மார்க் என்ன என்று கேட்டுவிடுவாரோ என்று நான் அடுப்படிக்குள் ஓடினேன். நல்ல காலம், இவர் எதையுமே கேட்கவில்லை.

மார்ச் 6, புதன்

இவருக்குப் புது சுறுசுறுப்பு. தன் சட்டையைத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டு எட்டு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுகிறார். கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அட்டையைக் காணோமே என்றேன். இப்போதெல்லாம் முகத்தைப் பார்த்தே கதவு திறக்கிறதாம். விஞ்ஞானம்!

என் படிப்பின் மேலும் அக்கறை வந்திருக்கிறது. "உங்க காலேஜ் லைப்ரரியில கீழ உக்காராத. மூணாவது மாடிக்குப் போ, ஜன்னல் ஓரமா. அங்க சத்தமே இருக்காது. கேன்டீன்ல காபி மட்டும் குடிச்சிராத" என்றார். எல்லாம் இன்டர்நெட்டில் போடுகிறார்கள் போல.

மார்ச் 18, திங்கள்

அசைன்மென்ட் வந்துவிட்டது! நாற்பது மார்க்!

நம் சமூகத்தின் எழுதாத விதி ஒன்றை வேண்டுமென்றே மீற வேண்டும். என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். ஏழு நாளைக்கு யாரிடமும் காரணம் சொல்லக்கூடாது. ஏழாம் நாள் போய் 'இது ஆராய்ச்சி' என்று உண்மையை உடைத்து, அவர்கள் சொல்வதையும் எழுதி, வகுப்பில் பேச வேண்டும். யாருக்கும் கெடுதல் வரக்கூடாது.

கெய்லா லிஃப்டில் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மற்றவர்கள் முகத்தைப் பார்த்தபடி நிற்கப்போகிறாள். எனக்கு அதெல்லாம் போதாது. என்னிடம் இருக்கிற விதிகளுக்குப் பஞ்சமா? யார் வீட்டிலாவது காபி குடிக்கிறீர்களா என்று கேட்டதும், மூன்று தடவை வேண்டாம் சொல்லாமல் முதல் கேள்விக்கே "குடுங்க" என்று சொல்லலாம். "சாப்பிட்டீங்களா?" என்றால் "இல்லை, பசிக்குது" என்று உண்மையைச் சொல்லலாம். நினைக்கும்போதே வியர்க்கிறது.

மார்ச் 20, புதன்

சின்னதாக ஒத்திகை பார்த்தேன். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லாமல் "நான் போறேன்" என்று மட்டும் சொன்னேன். ஷூ மாட்டிக்கொண்டிருந்த இவர் ஒரு காலில் ஷூவோடு எழுந்து நின்றார். "எங்க? எங்க போற? ஏன் இப்படிச் சொல்ற?" முகம் வெளுத்துவிட்டது. "கிளாஸுக்குத்தாங்க" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

ஒரு சொல்லை விட்டதற்கே இந்தப் பாடு! எழுதாத விதிக்கு எவ்வளவு பலம் என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 25, திங்கள்

செய்துவிட்டேன்! கடவுளே, செய்தே விட்டேன்!

மங்கை அக்காவைப் பற்றி இந்த நோட்டில் எழுதியதில்லை. மூன்று தெரு தள்ளி வீடு. கும்பகோணத்துக்காரர். அவர் வீட்டுக்காரர் நடராஜன் அண்ணனும் இவரும் ஒரே கம்பெனி. பதினோரு வருஷமாக எனக்கும் அக்காவுக்கும் இடையில் ஓர் எவர்சில்வர் டப்பா போய்வந்துகொண்டிருக்கிறது. மூடியில் 'ந. மங்கை' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அங்கிருந்து மோர்க்குழம்பு வந்தால் இங்கிருந்து கடலைமிட்டாய் போகும். வீட்டில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்போம். பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அது காலியாகப் போனதில்லை.

இன்று காலியாகக் கொடுத்தேன்.

மூன்று தடவை கழுவினேன். துடைத்தேன். காரில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டைத் தாண்டி இரண்டு தடவை போய்விட்டேன். மூன்றாம் தடவைதான் பிரேக் பிடித்தது. அடுப்படி மேடையில் வைத்துவிட்டு வானிலை பற்றிப் பேசினேன். அக்கா பழக்கத்தில் மூடியைத் திறந்தார். உள்ளே பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி உள்ளே பார்த்தார்.

திட்டுவார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று நான் மனத்துக்குள் குறிப்பெடுக்கத் தயாராக நின்றேன். அக்கா மெதுவாக மூடியை மூடி, என் தோளில் கை வைத்து, "பரவாயில்லம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

குறிப்பு: தண்டனை எதுவும் இல்லை. காரணம் புரியவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

காலை எட்டரைக்கு அக்கா இரண்டு பையோடு வாசலில் நிற்கிறார். சாம்பார், பொரியல், தயிர்சாதம், ஒரு மூட்டை பொன்னி அரிசி. "எதுக்குக்கா?" என்றால் "பேசாத, வாங்கி வை" என்கிறார். விதிப்படி நான் வாயைத் திறக்கக்கூடாது. வாங்கி வைத்தேன்.

மார்ச் 28, வியாழன்

ஆராய்ச்சி கைமீறிப் போய்க்கொண்டிருக்கிறது. இதுவரை வந்து சேர்ந்தவை: டப்பா பதினொன்று, குக்கரோடு பிரியாணி ஒன்று, ஊறுகாய் பாட்டில் நான்கு. யார் யாரோ வருகிறார்கள். வந்து கையைப் பிடிக்கிறார்கள். "எல்லாம் சரியாயிரும்" என்கிறார்கள். எது சரியாகும் என்று கேட்க ஆசையாக இருந்தாலும் கேட்கவில்லை, நாற்பது மார்க்!

காலி டப்பா கொடுத்தால் பிரியாணி வரும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. புதுக் கண்டுபிடிப்பு. பேராசிரியை மயங்கி விழப்போகிறார்.

தமிழ்ச் சங்கத் தலைவர் போன் செய்து, "சாரோட ரெஸ்யூமே அனுப்பச் சொல்லுங்க" என்றார். சங்கத்துக்குப் புதுச் செயலாளர் தேடுகிறார்கள் போல. இவருக்கு மேடை ஏறினாலே கால் நடுங்கும் என்று சொல்லி வைத்தேன்.

இவர்தான் ஒரு மாதிரி இருக்கிறார். சாயங்காலம் வந்து டப்பா வரிசையைப் பார்த்தவர், "யாரு குடுத்தது? ஏன் குடுத்தாங்க? உங்கிட்ட ஏதாவது சொன்னாங்களா?" என்று மூன்று கேள்வி கேட்டார். "திங்கட்கிழமை சொல்றேன்" என்றேன். பிரியாணியை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

ஏப்ரல் 1, திங்கள்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் முதல் வேலையாக அக்கா வீட்டுக்குப் போனேன். ஏழாம் நாள். உண்மையை உடைக்க வேண்டிய நாள். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சமூகவியல், எழுதாத விதி, காலி டப்பா, நாற்பது மார்க். சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அக்கா சிரிக்கவில்லை. "விடு செண்பகம். எங்கிட்ட எதுக்கு மறைக்கிற? நான் என்ன வேத்து மனுஷியா?" என்றார்.

"நிஜமா ஆராய்ச்சிக்கா. இந்தாங்க, அசைன்மென்ட் தாளே இருக்கு."

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். மேலிருந்து கீழே வரை படித்தார். முகம் மாறிப்போயிற்று. "அப்ப... உனக்குத் தெரியாதா?"

"என்ன தெரியாதா?"

"பிப்ரவரில ஆளக் குறைச்சாங்களே. ஒரே நாள்ல நாப்பது பேரு. எங்க வீட்டுக்காரர் தப்பிச்சுட்டார். உங்க வீட்டுக்காரர் பேரு அதுல இருந்துச்சும்மா. நீயா வந்து சொல்லுவன்னு ரெண்டு பேரும் காத்துக்கிட்டு இருந்தோம். நீ சொல்லவே இல்ல. அன்னைக்குக் காலி டப்பாவ வச்சியா, சரி, வாயால சொல்ல முடியாம இப்படிச் சொல்றான்னு நெனச்சுட்டேன்."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது, இவர் மேல் இல்லை, என் மேல். வெண்டைக்காய் ஒடிக்கிறவர்களை எண்ணத் தெரிந்தது. இரண்டரை மணி, இஸ்திரி போட்ட சட்டை, காணாமல் போன அட்டை, ஒரு காலில் ஷூ. எல்லாவற்றையும் என் கையாலேயே இந்த நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்! ஊரையே உற்றுப் பார்த்தவள் வீட்டுக்குள் பார்க்கவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது. அக்காவும் அழுதார். அழுதுகொண்டே காபி வேணுமா என்றார். "குடுங்க" என்றேன், முதல் தடவையிலேயே.

நேராகக் காலேஜுக்குப் போனேன். வகுப்புக்குப் போகவில்லை. லைப்ரரி, மூன்றாவது மாடி, ஜன்னல் ஓரம்.

இஸ்திரி போட்ட நீலச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். முன்னால் மடிக்கணினி, பக்கத்தில் கேன்டீன் காபி. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"மீட்டிங் எப்ப முடியும்?"

நிமிர்ந்தார். மடிக்கணினியைச் சட்டென்று மூடினார். என்னவெல்லாமோ திட்ட வேண்டும் என்று மாடிப்படியில் யோசித்துக்கொண்டே ஏறினேன். அந்த முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் ஞாபகமில்லை.

"எப்பத் தெரியும்?" என்றார்.

"அரைமணி நேரம் முன்னாடி. ஊருக்கெல்லாம் தெரிஞ்ச பெறகு."

"அப்ப அந்த டப்பா எல்லாம்?"

"அது என் ஆராய்ச்சி." சொன்னேன். காலி டப்பா கதையைக் கேட்கக் கேட்க இவர் கண் விரிந்துகொண்டே போனது. "வேற எங்கயாவது போயி உக்காந்திருக்கலாம்ல? என் காலேஜுக்கே வரணுமா?"

"நீ பத்து மணிக்குக் கிளாஸுக்கு வருவ. இந்த ஜன்னல்ல இருந்து பாத்தா நீ காரை நிறுத்துறது தெரியும்." ஜன்னல் கண்ணாடியை ஒரு விரலால் தட்டினார். "அந்த மஞ்சப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நீ குடுகுடுன்னு ஓடுவ. அதப் பாத்துட்டுத்தான் அப்ளிகேஷன் போட ஆரம்பிப்பேன். உங்கிட்டச் சொன்னா நீ படிப்ப நிறுத்திருவன்னு பயம்."

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு டிகிரி இல்ல" என்றேன்.

"என்னது?"

"பத்திரிகையில போட்ட பி.எஸ்ஸி. பொய். ரெண்டு பேப்பர் ஃபெயில். இது பொழுதுபோக்கு இல்ல. நான் டிகிரி வாங்கத்தான் வர்றேன்."

இவர் என்னையே பார்த்தார். "இருபத்தாறு வருஷமாவா?"

"நீங்க மட்டும்? அஞ்சு வாரமா?"

"அஞ்சு வாரம் எங்க, இருபத்தாறு வருஷம் எங்க!" என்று கத்திவிட்டார். அப்புறம் இவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்று பதறிப்போய்ப் பார்த்தால், சிரிக்கிறார்! எனக்கும் தொற்றிக்கொண்டது. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். லைப்ரரி அம்மாள் வந்து வெளியே போகச் சொன்னார். இங்கே சத்தமே இருக்காது என்று சொன்ன மனுஷன்!

ஏப்ரல் 3, புதன்

அடுத்த சிக்கல். இதையெல்லாம் எழுதினால்தான் பேப்பர் முழுசாகும். எழுதினால் இவர் வேலை போன கதை வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். எழுதாமல், காலி டப்பாவுக்குப் பிரியாணி வந்தது என்று மட்டும் எழுதினால், ஏன் வந்தது என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. மார்க்கும் இல்லை.

இவரிடமே கேட்டேன். தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே யோசித்தார். "எழுது. ஆனா என்னோடத எழுதினா உன்னோடதையும் எழுதணும்."

நியாயம்தான்.

ஏப்ரல் 10, புதன்

ஒன்பது பக்கம். இவர் பதினொரு டப்பாவுக்கும் கடலைமிட்டாய் போடுகிறார். பாகு முறுகிவிட்டது. பல் உடைந்தால் சமூகம் பொறுப்பு.

ஏப்ரல் 24, புதன்

வகுப்பில் பேசினேன். "நான் ஒரு விதியை மீறினேன். அதைவிடப் பெரிய விதி ஒன்றை எங்கள் வீட்டில் இரண்டு பேரும் கவனமாகக் காப்பாற்றி வந்திருக்கிறோம். தோற்றதை வெளியே சொல்லக்கூடாது என்பது அது. என் கணவருக்கு வேலை போய்விட்டது. நான் இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் காலேஜில் ஃபெயில்" என்றேன். அப்படியே, அந்தச் சொல்லாலேயே. இடி ஒன்றும் விழவில்லை.

கெய்லா கை தூக்கி, தன்னுடையது இரண்டாவது தடவை, போன வருஷம் இதே பாடத்தில் ஃபெயில் என்றாள். பின்வரிசையிலிருந்து இன்னொருவன் மூன்றாவது தடவை என்றான். வகுப்பே கை தட்டியது, எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை.

மே 8, புதன்

பேப்பருக்கு நாற்பதுக்கு முப்பத்தேழு! பாடத்தில் 'பி'! அந்தப் பேப்பரில் வகுப்பிலேயே நான் இரண்டாவது!! வாசலில் குதித்தேன், எதிர்வீட்டு நாய் குரைத்தது.

இவருக்கு ஒரு கம்பெனியில் இரண்டாவது சுற்று வரை வந்திருக்கிறது. கிடைக்குமா தெரியாது. "இன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லிருவோம், ரெண்டையும்" என்றார். எனக்குக் குதிப்பு நின்றுவிட்டது. வகுப்பில் சொல்வது வேறு. அத்தை அந்தப் பத்திரிகையைக் காட்டித் தெருவெல்லாம், "எம் மருமவ பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி" என்று சொன்னவர்.

யார் முதலில் என்று காசு சுண்டினோம். இவர் தோற்றார். காலை ஒன்பது மணி, அங்கே மாலை ஆறரை. ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எனக்கு வேலை போயிருச்சும்மா. ரெண்டு மாசம் ஆச்சு."

"யய்யா, வேற பாத்துக்கிடலாம். சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்." என்னைப் பார்த்தார். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். இவர் சொல்லிவிட்டார். "செண்பகம் காலேஜ்ல படிக்கிறாம்மா. இன்னைக்குப் பாஸ் ஆயிட்டா."

"அவதான் அப்பமே படிச்சு முடிச்சவளாச்சே?"

"இல்லம்மா. அப்ப முடிக்கல. பத்திரிகையில சும்மா போட்டது."

கோவில்பட்டியிலிருந்து சத்தமே வரவில்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று இவர் போனைத் திருப்பிப் பார்த்தார். கட்டாகவில்லை. பின்னால் குக்கர் விசில் அடித்தது. நான் இவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடப் பாவிகளா" என்றார் அத்தை கடைசியில். "சாதகத்த மூணு சோசியருட்ட குடுத்துப் பாத்தோமே. மார்க்கு சீட்ட ஒருத்தராவது கேட்டமா?" அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது. குரல் கிட்டத்தில் வந்தது. "தாயி, நீ பக்கத்துலதான் இருக்கியா?"

"இருக்கேன் அத்தை."

"எத்தன மார்க்கு?"

இருபத்தாறு வருஷத்தில் என்னிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. போனை இவர் கையிலிருந்து வாங்கி நானே சொன்னேன், இரண்டு தடவை.